நான்கு தடங்களில் 20 பாடல்கள்: ‘பீ தௌசண்ட்’ இசைத்தொகுப்பு மதிப்புரை

ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரைச் சேர்ந்த ‘கைடட் பை வாய்சஸ்’ என்ற அமெரிக்க ராக் குழு 1994 ஜூனில் வெளியிட்ட ‘பீ தௌசண்ட்’ தொகுப்பில் 20 பாடல்கள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 36 நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. இருப்பதிலேயே நீளமான பாடல்கூட மூன்று நிமிடத்தை ஒட்டியே நின்றுவிடுகிறது; சில பாடல்கள் ஒரு நிமிடத்தைக்கூட எட்டுவதில்லை. முதன்முறை கேட்பவருக்கு, யாரோ ஒருவருடைய பழைய கேசட்டுகளிலிருந்து எடுத்த துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவைத்துப் பாட்டென்று விற்கிறார்களோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. அந்தச் சந்தேகத்தில் பாதி உண்மை. மீதிப் பாதியை விளக்க, இக்குழுவின் தலைவரான ராபர்ட் போலார்ட் எதைக் கேட்டு வளர்ந்தார், பாட்டை எப்படி எழுதுகிறார் என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இத்தொகுப்பின் கரடுமுரடான ஒலியும் குறுகிய வடிவமும் பணமின்மையால் மட்டும் வந்தவை அல்ல, அவர் பாட்டெழுதும் முறையிலேயே இருப்பவை.

போலார்ட் 1957இல் பிறந்தவர். கல்லூரியில் பேஸ்பால் பந்துவீச்சாளர். பிறகு சுமார் 14 ஆண்டுகள் டேட்டனில் நான்காம் வகுப்பு ஆசிரியராக வேலை பார்த்தபடியே, மாலைகளிலும் வார இறுதிகளிலும் நண்பர்களையும் தம்பியையும் சேர்த்துக்கொண்டு பாடல்களைப் பதிவு செய்தார். குழு 1983இல் உருவானது. 1980களின் பிற்பகுதியிலிருந்து சொந்தச் செலவில் சில நூறு பிரதிகள் மட்டும் அச்சிட்டு வெளியிட்ட தொகுப்புகளை ஊருக்கு வெளியே அநேகமாக யாரும் கேட்கவில்லை. 1992இல் வந்த ‘ப்ரொபெல்லர்’ தொகுப்போடு எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்ற எண்ணத்தில்தான் அவர் இருந்தார். 500 பிரதிகள், ஒவ்வொன்றுக்கும் கையால் செய்த தனித்தனி அட்டை. அந்தக் கடைசி முயற்சிதான் அவரை வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. கிளீவ்லாண்டின் ‘ஸ்காட்’ என்ற சிறு நிறுவனம் அடுத்த தொகுப்பை வெளியிட்டது, அதற்கடுத்ததே ‘பீ தௌசண்ட்’. அது வெளியானபோது போலார்டுக்கு வயது 36. ராக் இசையில் பலர் ஓய்ந்துபோகும் வயதில் அவர் அதே ஆண்டு ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு முழுநேர இசைக்கு வந்தார்.

தன் இசையின் மூலங்களை அவர் எப்போதும் மறைத்ததில்லை. மெட்டுக்கு முதலிடம் தரும் பாப், சுருக்கமும் வேகமும் கொண்ட பங்க், நீண்டு சிக்கலாகச் செல்லும் ப்ராக், கனவு மயக்கம் போன்ற ஒலிகளை நாடும் சைக்கெடெலிக் என்று நான்கைச் சொல்வார். ஆங்கிலத்தில் நான்கும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் அது அவருடைய ரசிகர்களிடையே ஒரு சூத்திரமாகவே ஆகிவிட்டது. குழுக்களின் பெயராகச் சொன்னால் பீட்டில்ஸ், தி ஹூ, பாடகர் பீட்டர் கேப்ரியல் இருந்த காலத்து ஜெனிசிஸ், வயர், ஆர்.இ.எம். இந்தப் பட்டியலைக் கேட்டவுடன் ராக் வரலாறு தெரிந்தவர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். 1970களின் தொடக்கத்தில் இருபது நிமிடத்தையும் தாண்டி நீண்ட பாடல்களை எழுதிய ஜெனிசிஸும், அந்த நீளத்தையும் ஆடம்பரத்தையும் எதிர்த்து வந்த பங்க் அலையில் முளைத்த வயரும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாதவர்கள் என்பதே பொதுவான எண்ணம். 1977இல் வயர் வெளியிட்ட முதல் தொகுப்பில் 21 பாடல்கள், சுமார் 35 நிமிடங்கள். சொல்ல வேண்டியது முடிந்ததும் பாட்டும் முடிந்துவிட வேண்டும் என்பதே அவர்கள் கொள்கை.

போலார்ட் செய்த காரியம் என்னவென்றால், ஜெனிசிஸிடமிருந்து நீளத்தை விட்டுவிட்டு விசித்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்; வயரிடமிருந்து வறட்சியை விட்டுவிட்டுச் சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ‘தி கோல்ட்ஹார்ட் மவுண்டன்டாப் குவீன் டைரக்டரி’ என்ற தலைப்பைப் பார்த்தால் அட்டையில் மந்திரவாதியும் கோட்டையும் வரையப்பட்ட 1972ஆம் ஆண்டு இசைத்தட்டில் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொள்ளும் பாட்டு என்று தோன்றும். ஆனால் அது இரண்டு நிமிடத்துக்குள் வந்துபோய்விடுகிறது. மெட்டைப் பொறுத்தவரை அவர் முழுக்க முழுக்க 1960களின் பிரிட்டிஷ் குழுக்களின் வாரிசு. ஓஹையோவை விட்டு நகராத இந்த மனிதர் பாடும்போது அவருடைய உச்சரிப்பு இங்கிலாந்துக்காரருடையதாக மாறிவிடுகிறது. அது கேலி அல்ல. ராக் பாட்டு என்றால் அந்தக் குரலில்தான் இருக்கும் என்று சிறுவயதில் காதில் படிந்துபோனதன் விளைவு. தமிழில் மெல்லிசை பாடப் பழகும் பலருடைய குரலில் தாமறியாமலே ஏதோ ஒரு பழைய பின்னணிப் பாடகரின் சாயல் வந்து உட்கார்ந்துகொள்வதை நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா, அதைப் போன்றதுதான் இதுவும்.

அவர் 1986இல் வெளியிட்ட முதல் குறுந்தொகுப்பைக் கேட்டால் அதில் ஆர்.இ.எம். குழுவின் செல்வாக்கு அப்பட்டமாகத் தெரியும். கிட்டத்தட்ட நகல் என்றே சொல்லலாம். எட்டு ஆண்டுகள் கழித்து வந்த ‘பீ தௌசண்ட்’டில் எந்த ஒரு முன்னோடியையும் அப்படித் தனியாகப் பிரித்துக் காட்டுவது கடினம். செல்வாக்குகள் குறையவில்லை, கூடியிருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு வரி, நான்கு வரி அளவுக்குத் துண்டாக்கப்பட்டு மற்றொன்றின் அருகில் வைக்கப்படுவதால், எல்லாம் அவருடையதாகிவிடுகின்றன. போலார்ட் ஒரு படத்தொகுப்புக் கலைஞரும்கூட என்பதை இங்கே சொல்ல வேண்டும்: பழைய பத்திரிகைகளிலிருந்து படங்களை வெட்டி ஒட்டி அவர் செய்யும் கொலாஜ்களே குழுவின் பல அட்டைகளை அலங்கரிக்கின்றன. சிறுவனாக இருந்தபோது இல்லாத குழுக்களுக்குப் பெயர் வைத்து, அவை வெளியிடாத இசைத்தட்டுகளுக்கு அட்டை வரைந்து, பாடல் தலைப்புகளையும் எழுதி வைப்பது அவருடைய பொழுதுபோக்கு. பாட்டு பிறகு வந்தது. தலைப்பும் அட்டையும் முதலில் வந்தன.

பெரியவரான பிறகும் அந்த வரிசை மாறவில்லை. குறிப்பேட்டில் தலைப்புகளைச் சேர்த்து வைத்திருப்பார்; கிட்டாரை எடுத்து உட்கார்ந்து, கையடக்க டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, அந்தத் தலைப்புகளுக்கு மெட்டுகளை ஒரே மூச்சில் பாடிப் பதிவு செய்வார். அவற்றில் தேறுவதை எடுத்துக்கொள்வார். பழைய நாடாக்களில் கிடந்த பாடல்களில் ஒரு பல்லவி மட்டும் நன்றாக இருந்தால் அதை மட்டும் வெட்டியெடுத்துப் புதிய பாட்டில் பொருத்துவார். நமக்குப் பழக்கமான திரைப்பாடலில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே இடையிசை ஒரு இடைவெளியைத் தரும். பல்லவி திரும்ப வரும் என்ற எதிர்பார்ப்பே பாட்டைத் தாங்கி நிற்கும். போலார்டின் பாடல்களில் பாதிக்குமேல் இந்த எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்வதே இல்லை. கேட்பவர் அடுத்த முறை வாய்விட்டுச் சேர்ந்து பாடலாம் என்று ஆயத்தமாகும் நேரத்தில் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கிவிடுகிறது. முதலில் எரிச்சலாக இருக்கிறது. பிறகு அந்தக் குறையே பாட்டை மறுபடி போடவைக்கிறது என்பது புரிகிறது.

இந்த எழுத்துமுறைக்குப் பதிவுக் கருவியும் உடந்தை. தொகுப்பின் பெரும்பகுதி வீட்டு அடித்தளங்களிலும் கார் கொட்டகையிலும் நான்கு தட கேசட் ரெக்கார்டரில் பதிவானது. அதை இயக்கியவர் பெரும்பாலும் குழுவின் இன்னொரு பாடலாசிரியரான டோபின் ஸ்ப்ரவுட். சாதாரண கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடங்கள் வீதம் இருபக்கத்துக்கும் சேர்த்து நான்கு தடங்கள் உண்டு. 1979இல் டீயாக் நிறுவனம் கொண்டுவந்த ‘போர்ட்டாஸ்டுடியோ’ வகைக் கருவி இந்த நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தி, ஒன்றில் மேளம், ஒன்றில் கிட்டார், ஒன்றில் குரல் என்று தனித்தனியாகப் பதிவு செய்ய வழி செய்தது. பெரிய நட்சத்திரமான ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட ‘நெப்ராஸ்கா’வும் இவ்வகைக் கருவியில் வீட்டில் பதிவானதுதான் என்பதால், இது ஏழைகளின் கருவி மட்டுமே என்று ஒதுக்கிவிட முடியாது.

நான்குக்கு மேல் ஐந்தாவது ஒலி வேண்டுமென்றால் நிரம்பிய மூன்று தடங்களையும் கலந்து நான்காவது தடத்தில் இறக்கிவிட்டு, காலியான மூன்றில் மீண்டும் பதிவு செய்ய வேண்டும். அப்படி இறக்கியபின் மேளம் கூடிவிட்டது, கிட்டார் குறைந்துவிட்டது என்று திரும்பிப்போய்த் திருத்த முடியாது. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் உயர் அலைவரிசைகள் மங்கும், நாடாவின் இரைச்சல் ஏறும். முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டு அதோடு வாழக் கற்றுக்கொள்ள வேண்டிய கருவி அது. முதல் முயற்சியில் வந்ததையே சிறந்ததென்று நம்பும் எழுத்தாளருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடைத்திருக்காது.

தொடக்கப் பாடலான ‘ஹார்ட்கோர் யுஎஃப்ஓஸ்’ இதற்கு நல்ல சான்று. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு கிட்டாரின் ஒலி திடீரென்று அறுந்துபோகிறது. சற்றுக் கழித்து ஒன்றும் நடவாதது போலத் திரும்பி வருகிறது. எந்த நிறுவனத்தின் ஒலிப்பொறியாளரும் இதை வெளியே விட்டிருக்க மாட்டார். இவர்களோ அதைத் தொகுப்பின் வாசற்படியிலேயே வைத்திருக்கிறார்கள். இந்தப் பிழையைச் சகிக்க முடியாதவர் இத்தொகுப்பை மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை என்று முதல் இரண்டு நிமிடத்திலேயே சொல்லிவிடும் நேர்மை அதில் இருக்கிறது. அதே சமயம், அந்த அறுந்த இடத்தில் குரல் மட்டும் தனித்து நிற்பதால் மெட்டு எவ்வளவு உறுதியானது என்பதும் தெரிந்துவிடுகிறது.

தொகுப்பின் நடுவில் வரும் ‘எக்கோஸ் மைரன்’ இதற்கு நேர்மாறானது. துள்ளலான தாளம், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் குரல்கள், முழுமையான அமைப்பு. 1965ஐ ஒட்டிய ஆண்டுகளில் எந்தப் பெரிய பிரிட்டிஷ் குழு இதை எழுதியிருந்தாலும் வானொலியில் ஓயாமல் ஒலித்திருக்கும். இதைக் கேட்ட பிறகு ‘இவர்களுக்குப் பாட்டை முடிக்கத் தெரியாது’ என்ற குற்றச்சாட்டு நிற்காது. தெரிந்தே முடிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பது உறுதியாகிறது. அது பாராட்டா குறையா என்பதைக் கேட்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

குழுவின் அடையாளமாகவே ஆகிவிட்ட ‘ஐ ஆம் எ சயன்டிஸ்ட்’ தொகுப்பின் இறுதியை நெருங்கும்போது வருகிறது. போலார்டின் வரிகள் வழக்கமாக நேரடிப் பொருள் தருவன அல்ல. எல்ஃப் என்னும் கதைக் குள்ளர்களும் ரோபோக்களும் விமானங்களும் கழுகுகளும் காரணமின்றி வந்துபோகும். பகலெல்லாம் ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகளோடு பேசிக்கொண்டிருந்த ஒருவரின் சொல்வளம் இது என்று எனக்குத் தோன்றும். நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு ஒட்டப்படும் பொன்னிற நட்சத்திரம் ‘கோல்ட் ஸ்டார் ஃபார் ரோபாட் பாய்’ என்று தலைப்பிலேயே வந்துவிடுகிறது. ஆனால் ‘ஐ ஆம் எ சயன்டிஸ்ட்’டில் அவர் முகமூடியைச் சற்றே விலக்குகிறார். தன்னை விஞ்ஞானியாகவும் பத்திரிகையாளராகவும் மருந்தாளுநராகவும் வரிசையாக அறிமுகப்படுத்திக்கொள்ளும் அந்தப் பாட்டு, பாட்டெழுதுவது தன்னைத் தானே ஆராய்ந்து, பதிவு செய்து, தனக்குத் தானே மருந்து கொடுத்துக்கொள்வது என்று சொல்லாமல் சொல்கிறது. எளிய கிட்டார்ச் சுழற்சி ஒன்று தொடக்கம் முதல் இறுதிவரை மாறாமல் வருகிறது. அவ்வளவுதான் இசை. அதற்குமேல் எதையும் சேர்க்காததே அதன் பலம். அதே ஆண்டு இப்பாடல் முறையான ஒலிக்கூடத்தில் மறுபடி பதிவாகித் தனிக் குறுந்தொகுப்பாகவும் வந்தது. அதில் மேளம் தெளிவாக இருக்கிறது, கிட்டாருக்கு உடல் இருக்கிறது, குரல் முன்னே நிற்கிறது; இருந்தும் வீட்டுப் பதிவில் இருக்கும் தயக்கம் போய்விட்டது. ஒலித்தரம் கூடினால் பாட்டும் கூடும் என்று நம்புகிறவர்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்து ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

ஸ்ப்ரவுட்டின் பங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘ஆஃபுல் ப்ளிஸ்’ போன்ற அவருடைய பாடல்கள் மென்மையானவை, குரல் தாழ்ந்தது, மெட்டு வளைந்து நெளிந்து செல்வது. போலார்டின் அறைகூவல்களுக்கு நடுவே இவை மூச்சுவிட இடம் தருகின்றன. தொகுப்பு முடிவதும் அவருடைய பாட்டில்தான். அது அரை நிமிடத்தைச் சற்றே தாண்டும் அளவுதான். இருவருக்குமான இந்த வேறுபாடு இல்லாவிட்டால் 20 துண்டுகளை ஒரே அமர்வில் கேட்பது களைப்பாக இருந்திருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்றாவது பாடலின் தலைப்பு இன்று பலரை முகம் சுளிக்க வைக்கும் ஒரு சொல்லைக் கொண்டிருக்கிறது. உறவு தேய்ந்துபோவதன் துயரத்தைச் சொல்லும், தொகுப்பிலேயே மிக அழகான மெட்டுகளில் ஒன்றைக் கொண்ட பாட்டுக்கு அந்தத் தலைப்பு எந்த நியாயமும் செய்யவில்லை. தலைப்பை முதலில் எழுதிவிட்டுப் பாட்டைப் பிறகு அதில் மாட்டும் முறையின் ஆபத்து இதுதான்: ஓசைக்காகச் சேர்த்த சொற்கள் பொருளைத் தங்கள் பாட்டுக்கு இழுத்துச் செல்லும்போது எழுதியவர் தடுப்பதில்லை. அடுத்து, ‘டீமன்ஸ் ஆர் ரியல்’ போன்ற ஒரு நிமிடத்துக்குக் குறைவான சில துண்டுகளைத் துணிச்சல் என்று கொண்டாட என்னால் முடியவில்லை. அவை உண்மையிலேயே முடிக்கப்படாதவை. நல்ல பல்லவி ஒன்று கிடைத்து அதற்குமேல் எழுத விருப்பமில்லாமல் விடுவதும், எழுத ஒன்றும் இல்லாததால் விடுவதும் கேட்கும்போது வேறுவேறாகத்தான் தெரிகின்றன. தொகுப்பின் பிற்பாதியில் இரண்டாம் வகை சற்று அதிகம். போலார்ட் பிறகு எழுதிக் குவித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களிலும் இதே சிக்கல் தொடர்கிறது. 2000இல் அவர் வெளியிட்ட ‘சூட்கேஸ்’ பெட்டித்தொகுப்பில் மட்டும் பழைய நாடாக்களிலிருந்து எடுத்த 100 பாடல்கள் இருக்கின்றன. அவ்வளவையும் கேட்டு முடிக்கும் பொறுமை தீவிர ரசிகருக்கே உரியது.

பாடல் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. வேகமானது, மெதுவானது, தெளிவானது, மங்கலானது என்று மாற்றி மாற்றி அடுக்கியிருப்பதில்தான் இத்தொகுப்பின் உண்மையான உழைப்பு இருக்கிறது. ஒரு பாட்டின் மங்கிய ஒலிக்குக் காது பழகும் நேரத்தில் அடுத்த பாட்டு பளிச்சென்று திறக்கும். அந்த வேறுபாடே கிட்டார் அலறுவதைவிடப் பெரிய அதிர்ச்சியைத் தருகிறது. பீட்டில்ஸ் குழுவினர் 1969இல் ‘ஆபி ரோட்’ தொகுப்பின் இரண்டாம் பக்கத்தில் முடிக்காத பாடல்களை ஒன்றோடொன்று பின்னி ஒரு நீண்ட ஓட்டமாக மாற்றினார்கள். போலார்ட் அந்தப் பக்கத்திலிருந்து பாடம் கற்றிருக்கிறார் என்றே எண்ணுகிறேன். அவர்கள் மூட்டுவாய்களை மறைத்தார்கள், இவர் அவற்றை அப்படியே தெரியவிடுகிறார். ஆகவே இணையவழி ஸ்ட்ரீமிங் செயலிகளில் கேட்பவர்கள் பாடல்களைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வசதியை அணைத்துவிட்டு முதல் பாடலிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டும். தனியாக எடுத்து வேறு பாடல்களுக்கு நடுவே போட்டால் இவற்றில் பல, பழுதான கோப்பு போல ஒலிக்கும்.

ஹெட்போனைவிட அறையில் வைத்த ஸ்பீக்கரில் கேட்பதையே பரிந்துரைப்பேன். ஹெட்போனில் நாடா இரைச்சல் காதுக்குள்ளேயே அமர்ந்துகொண்டு கவனத்தைத் திருடுகிறது; அறையில் அது கரைந்துபோய்க் குரலும் மெட்டும் முன்னே வருகின்றன. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, அதனால் கூடுதலாகக் கிடைக்கப் போவதும் ஒன்றுமில்லை. இசைத்தட்டு வாங்க நினைப்பவர்களுக்கு, 20 பாடல்கள் கொண்ட மூலப் பதிப்பே போதுமானது. இறுதிப் பட்டியலில் இடம்பெறாத பாடல்களையும் சேர்த்து 2004இல் மூன்று இசைத்தட்டுகளாக வந்த ‘டைரக்டர்ஸ் கட்’ பதிப்பு, பாட்டு எழுதுகிறவர்களுக்கு மட்டும் மிகப் பயனுள்ளது: எவையெல்லாம் நீக்கப்பட்டன என்று பார்க்கும்போது, கையில் வந்ததையெல்லாம் போட்டுவிடுகிறவர் என்று பெயரெடுத்த போலார்ட் உண்மையில் எவ்வளவு கறாராக வெட்டியிருக்கிறார் என்பது தெரிகிறது. மற்றவர்களுக்கு அது சுமை.

இத்தொகுப்பு பிடித்துப்போனவர்கள் அடுத்ததாக 1995இல் மட்டடோர் நிறுவனம் வழியாக வந்த ‘ஏலியன் லேன்ஸ்’ தொகுப்புக்குப் போகலாம். 28 பாடல்கள், 41 நிமிடங்கள், இதே முறையின் இன்னும் தீவிரமான வடிவம். இரைச்சலால் மட்டும் தள்ளிப்போனவர்கள் 1996இல் வந்த ‘அண்டர் த புஷஸ் அண்டர் த ஸ்டார்ஸ்’ தொகுப்பிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே ஒலி தெளிந்திருக்கிறது, பாடல்களும் சற்று நீண்டிருக்கின்றன, அதன்பின் இதற்குத் திரும்பி வந்தால் காது ஒத்துழைக்கும்.